கொத்தரங்கா என்ற பேர்

ஜட்கா வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அத்தை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அத்தை என்றால் என் மாமியார். அன்று விடிந்ததிலிருந்து எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுவதும், அது நம் வீட்டைத் தாண்டிப் போனதும் உட்காருவதுமாக இருந்தார்.

இந்த வண்டி எங்கள் வீட்டு முன்னால் நின்றது. முதலில் காதர் அண்ணன் இறங்கினார். அத்தர்க் கடைக்காரர் மகன். என் கணவரோடு பட்டாளத்தில் இருந்தவர். இறங்கியதும் அவர் எங்களைப் பார்க்கவில்லை. திரும்பி வண்டிக்குள் கையை நீட்டி இன்னொருவரைத் தாங்கி இறக்கினார்.

காக்கிச் சட்டை போட்ட தடித்த மனிதர். கன்னம் இரண்டும் உப்பி, கண் சிறுத்துப்போய், சட்டைப் பொத்தான்கள் வயிற்றின்மேல் இழுத்துக்கொண்டு நின்றன. யாரோ பட்டாளத்து அதிகாரி கூட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அத்தையும் அந்த ஆளைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரம்மா தேடற?" என்றார் அந்த ஆள்.

குரல் என் கணவருடையது.

அத்தை அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு தோளைப் பிடித்தார், புஜத்தைப் பிடித்தார், மறுபடி கன்னத்துக்கு வந்தார்.

"தேவராசு, நீயாடா?"

"நான்தாம்மா."

அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான் என் கணவருடைய கையைப் பார்த்தேன். அவர் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து முழங்கைவரை சிவப்பேறிய கையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நகக் கண்ணில்கூடச் சிவப்பு இருக்கும். இப்போது ஒரு பொட்டுச் சாயம் இல்லை. விரல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, பளபளவென்று வெளுத்திருந்தன.

ஒரே ஒரு வரி

இந்தப் பத்திரிகைத் தொடரில் சென்ற வாரம் எங்கள் சாயப் பட்டறையைப் பற்றி எழுதும்போது, "என் கணவர் செர்மன் சண்டைக்குப் போய்வந்து இறந்தார்" என்று ஒரு வரியில் முடித்திருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தங்கை மகள் வந்தாள். "ஒரு வரிதானா பெரியம்மா அவரு?" என்று கேட்டாள்.

அவளுக்குக் காப்பி கலக்கப் போனேன். ஆனால் அந்தக் கேள்வி வீட்டை விட்டுப் போகவில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க அவருக்கு.

கொல்லையிலிருந்து வந்த பேர்கள்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் காய்கறித் தோட்டத்திலிருந்துதான் பட்டப்பேர். எதிர்வீட்டு நெசவுக்காரருக்குப் பூசணி. அவர் தம்பி நெட்டையாக இருந்ததால் முருங்கை. சரிகை வியாபாரம் செய்த ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் அகலம், அவர் சுரைக்காய். யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. பூசணியின் மனைவியே, "எங்க பூசணி எங்க காணோம்?" என்று தெருவில் கேட்டுக்கொண்டு போவாள்.

என் கணவருக்கு வைத்த பேர் கொத்தரங்கா.

புத்தகத்தில் கொத்தவரங்காய் என்று எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் செடியைப் பயிர் செய்தவர்களுக்குத் தெரியும். அது பந்தல் கேட்காது, படராது. ஒற்றைத் தண்டாக நேரே மேலே போகும். கணுவுக்குக் கணு கொத்தாகப் பிடித்திருக்கும் காய்களும் விரல் பருமன்கூட இருக்காது. ஒருவனை ஒல்லி என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான காய் கொல்லையில் இல்லை.

பேரை வைத்தது வெளியார் இல்லை. அத்தையேதான். அத்தைக்கு இவருக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. இவர் பிறந்தபோது குச்சிபோல இருந்தாராம். கண் படக்கூடாது என்று நினைத்தோ, பார்த்ததை அப்படியே சொல்லியோ, "என் கொத்தரங்கா" என்று கொஞ்சியிருக்கிறார். கொஞ்சல் தெருவுக்குப் போனதும் கேலியாகிவிட்டது. வளர வளர உயரம் வந்ததே தவிரச் சதை வரவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதே இந்தப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. "பையன் கொத்தரங்கா மாதிரி இருப்பானாம். தொழில் தெரிஞ்சவன்" என்றார் என் அம்மா. கல்யாணத்தன்று மாலை போட்டபோது மாலைதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்து போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை எழுதுவதற்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. அண்டாவில் நீர் கொதிக்கும்போது அதன் முன்னால் நின்று நிறம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது கூப்பிட்டால் காது கேட்காது. ஈரப் பட்டைக் கம்பில் போட்டு முறுக்கிப் பிழிந்து, வெயிலில் பிடித்து, "இது அரக்கு. இது மாதுளம்பூ. வித்தியாசம் தெரிதா பத்மா?" என்று கேட்பார். எனக்குத் தெரியாது. தெரிகிறது என்பேன்.

அவர் கொத்தரங்காய் மட்டும் சாப்பிட மாட்டார். கொல்லையில் அத்தை இரண்டு பாத்தி போட்டு வளர்த்து வந்தார். பொரியல் செய்த அன்று அவர் தட்டில் வைத்தால், ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார்.

சாயம் வராத வருஷம்

சண்டை, அதுதான் முதல் உலக யுத்தம், எங்கோ நடந்தது. எங்களுக்கு அது சாய டப்பாக்கள் வராமல் போனதாகத்தான் தெரிந்தது. அந்த நாளில் நல்ல சாயமெல்லாம் செர்மனியிலிருந்து டப்பாவில் வரும். கப்பல் நின்றது. இருந்த டப்பாவை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக அடுப்பு மூட்டுவதை நிறுத்தின. எங்கள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். அதன்மேல் பூனை படுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

வேலையில்லாத மனிதர் வீட்டில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் எழுந்து பட்டறைக்குப் போவார். வெறும் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். சாயங்காலம் தேரடிப் பக்கம் போவார். அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு போனவர் இப்போது முகம் சுண்டி வீட்டுக்கு வந்தார்.

வாலாஜாபாத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதாகத் தமுக்கு அடித்தார்கள். துப்பாக்கி பிடிக்க அல்ல. கடல் தாண்டிப் போய் மூட்டை இறக்க, பாதை போட. காதர் அண்ணனும் இவரும் போனார்கள். காதர் அண்ணனை எடுத்துக்கொண்டார்கள். இவருக்கு மார்பைச் சுற்றி அளவு நாடாவைப் போட்ட துரை, நாடாவைப் பக்கத்திலிருந்தவனிடம் காட்டிச் சிரித்திருக்கிறார். போ என்று கையை வீசியிருக்கிறார்.

அவர் வீடு வந்து சேருவதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் சடகோபன் என்று ஒருவர். இவருக்குச் சேக்காளி, வாய்த் துடுக்கு அதிகம். "கொத்தரங்காவ சண்டைக்குக்கூட வாணாம்னுட்டானாம்பா" என்று அவர் சொன்னது எங்கள் சமையற்கட்டுவரை கேட்டது.

அன்று இவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவங்க இன்னா சொன்னா இன்னா? வுடுங்க" என்றேன்.

"வேலை இருந்தப்போ இந்தப் பேரு வலிக்கல பத்மா. சும்மா குந்திக்கினு இருக்கறவனுக்கு வலிக்குது."

"சண்டைக்குப் போய்தான் வலி தீரணுமா?"

"போய்ட்டு வரேன். ஒரு தபா போய்ட்டு வந்துட்டா யாரும் சொல்ல மாட்டாங்க."

அதற்குப் பிறகு அவர் சாப்பிட ஆரம்பித்தார். பசிக்காகச் சாப்பிடவில்லை. அத்தையும் சேர்ந்துகொண்டார். மகன் இரண்டாம் தரம் சோறு கேட்கிறான் என்ற சந்தோஷம். எதற்காகக் கேட்கிறான் என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. மறுபடி வாலாஜாபாத் போன அன்று வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் தின்று, வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதற்குள் ஆள் தேவை அதிகமாகியிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை அழுது புரண்டார். நான் அழவில்லை. அவர் அத்தனை நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. அதை அழுகையால் கெடுக்க மனம் வரவில்லை.

பஸ்ராவிலிருந்து ஒரு செய்தி

கடிதம் அபூர்வமாக வரும். பஸ்ரா என்ற ஊரில் துறைமுகத்தில் வேலை என்று தெரிந்தது. வெயில், ஈ, மணல். அவ்வளவுதான் எழுதுவார்.

ஒரே ஒரு கடிதத்தை மட்டும் அத்தை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். "அம்மாவிடம் சொல்லவும். நான் சதை போட்டிருக்கிறேன்" என்று அதில் ஒரு வரி இருந்தது. கீரை விற்கிறவள் வந்தால்கூட, "பத்மா, அந்தக் காயிதத்த எடுத்தா" என்பார். நான் படிப்பேன். கீரைக்காரி கையை விரித்து, "பின்ன, சர்க்கார் சோறும்மா" என்பாள்.

செடிகளைப் பிடுங்கிய மத்தியானம்

அவர் திரும்பி வந்த நாளுக்கு மறுபடி வருகிறேன்.

உள்ளே வந்து அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்காருவதற்கே காதர் அண்ணன் தோள் வேண்டியிருந்தது. அத்தை ஆரத்தி சுற்றி, திருஷ்டி கழித்து, மிளகாயை அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை. "பாத்தியா, எவ்வளவு கண்ணு" என்றார்.

பிறகு நேராகக் கொல்லைக்குப் போனார். அங்கே கொத்தரங்காய்ப் பாத்தி காய்த்துக் கிடந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் பிடுங்க ஆரம்பித்தார். வேரோடு மண் உதிர உதிரப் பிடுங்கிச் சுவரோரம் எறிந்தார்.

"இன்னாத்தை பண்றீங்க? காய் இருக்குதே" என்றேன்.

"இனிமே இந்தச் செடி என் கொல்லையில வாணாம். எவன் இனிமே அந்தப் பேரு சொல்றான்னு பாக்கறேன்."

என் கணவர் பின்கட்டு வாசற்படிவரை மெதுவாக நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தார்.

"ஒரு செடியாவது வுட்டு வச்சிருக்கலாம்மா" என்றார்.

"எதுக்குடா? நீதான் தொடவே மாட்டியே."

"அங்க காயே கண்ணுல படல. அரிசி, டப்பாக் கறி, மறுபடி அரிசி. இந்தப் பொரியலத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அத்தை சிரித்தார். மகன் விளையாட்டாகப் பேசுகிறான் என்று நினைத்தார். நான் பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து காய்களைப் பறித்து அன்றைக்குப் பொரியல் செய்தேன். அவர் தட்டில் முதலில் அதைத்தான் தொட்டார். கொஞ்சந்தான் சாப்பிட முடிந்தது.

காதர் அண்ணன் புறப்படும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "தங்கச்சி, உப்பக் கொஞ்சம் கம்மியா போடு" என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றார். அத்தை வருவதைப் பார்த்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"பாருடா, தொடை வச்சிருக்குது"

அன்று அவர் காலில் நாடாவைக் கழற்றியவள் நான். பட்டாளத்தார் முழங்கால்வரை துணி நாடாவை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள் அல்லவா, அது. நாடா வந்துவிட்டது, அது சுற்றியிருந்த தடம் போகவில்லை. காலில் படிப்படியாகப் பள்ளம் விழுந்திருந்தது. நான் ஒரு பள்ளத்தின்மேல் விரலை வைத்தேன். விரல் உள்ளே போயிற்று. எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

"வலிக்குதா?"

"வலிச்சா தேவலையே. மரத்துக் கெடக்குது."

அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. பஸ்ராவில் முதலில் கால் தடித்தபோது அவருக்கே சந்தோஷமாக இருந்ததாம். "காதருகிட்ட காட்னேன் பத்மா. பாருடா, தொடை வச்சிருக்குதுன்னு சொன்னேன். அப்பதான் அம்மாவுக்குக் காயிதம் எழுதினேன்." பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூட்டையைத் தூக்க முடியவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் போட்டு வைத்து, வேலைக்கு ஆக மாட்டான் என்று கப்பலில் ஏற்றிவிட்டார்கள். காதர் அண்ணனுக்கும் அப்போது ஒப்பந்தக் காலம் முடிந்திருந்ததால் கூடவே வந்தார்.

"அத்தைகிட்ட சொல்லணும்ங்க."

"சொல்லலாம். கொஞ்ச நாள் போவட்டும்." குரலைத் தாழ்த்தினார். "அது மொகத்தப் பாத்தியா? நான் பொறந்ததுலேருந்து அது இப்டி சிரிச்சி நான் பாத்ததில்ல."

நான் ஒரு நிபந்தனை போட்டேன். டாக்டரிடம் வரவேண்டும். வருகிறேன் என்றார்.

கருட சேவைக்குப் போனது

ஆனால் அதற்குமுன் வைகாசிக் கருட சேவை வந்துவிட்டது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னாலேயே கோபுர வாசலில் ஒரே தலையாகத் தெரியும். வண்டி கட்டிக்கொண்டு எந்தெந்த ஊரிலிருந்தோ வருவார்கள். அத்தை இவரையும் கிளப்பினார். பட்டுக்கரை வேட்டி எடுத்து வைத்தார். இடுப்பில் அது சுற்றி வரவில்லை. அதற்கும் சந்தோஷப்பட்டார்.

"நடக்க முடியாதுங்க. வாணாம்னு சொல்லுங்க" என்று நான் கிசுகிசுத்தேன்.

"ஒரு நாளுதானே" என்றார்.

கொஞ்ச தூரம் நடப்பார், நிற்பார். நிற்கும்போதெல்லாம் யாரையோ தேடுவதுபோலத் திரும்பிப் பார்ப்பார், மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்று. கூட்டத்தில் அத்தை அவரை முன்னால் தள்ளித் தள்ளி நிறுத்தினார். தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சடகோபன் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"நம்ம கொத்தரங்காவா இது?"

"அந்தப் பேரெல்லாம் இனிமே வாணாம்பா. ஆளப் பாத்துப் பேசு" என்றார் அத்தை.

"நெசந்தாம்மா. பூசணிக்கே இப்ப போட்டி வந்துடுச்சி" என்றார் சடகோபன். எல்லோரும் சிரித்தார்கள். அதில் கேலி இல்லை. அத்தை முகத்தில் வெற்றி தெரிந்தது.

மேளம் கேட்டது. கருடன்மேல் பெருமாள் வெளியே வந்தார். கூட்டம் கையைத் தூக்கியது. என் கணவரும் கையைத் தூக்கப் பார்த்தார், பாதிக்குமேல் வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. நான் பக்கத்துக் கல்படியில் அவரை உட்கார வைத்தேன். எல்லோரும் நின்று சேவித்தபோது அவர் மட்டும் கீழே உட்கார்ந்து, முன்னால் நிற்கிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரி

பெரிய காஞ்சிபுரத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான். அதிகம் பேசாதவர். காலை அமுக்கினார். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"அங்கே என்ன சாப்பாடு?"

"அரிசி. வெள்ளை அரிசி. டப்பாக் கறி, அது எனுக்கு எறங்காது."

"காய், கீரை, பயறு?"

"இல்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது சதை இல்லைம்மா. நீர். வெறும் வெள்ளை அரிசியே தின்று இருதயம் களைத்துப் போயிருக்கிறது."

மருந்து கொடுத்தார். உப்பை நிறுத்தச் சொன்னார். நடக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, படுக்க முடியாவிட்டால் சாய்ந்து தூங்கட்டும் என்றார். குணமாகிவிடுமா என்று நான் கேட்டேன். "இன்னும் முன்னால் வந்திருக்கலாம்" என்றார். முன்னால் என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. முன்னால் அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

திரும்பும்போது வண்டி பிடித்தோம். கம்மாளத் தெருவைத் தாண்டும்போது அவர், "அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றார்.

சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பார். அத்தை அப்போது அவருக்காக எதையாவது வறுத்துக்கொண்டோ அரைத்துக்கொண்டோ இருப்பார்.

சனிக்கிழமை எண்ணெய்

உப்பில்லாமல் சமைப்பது அத்தைக்குப் பிடிக்கவில்லை. பட்டாளத்துப் பழக்கம் என்று நான் சமாளித்து வந்தேன். அவர் எப்போதும் சுவரில் சாய்ந்தே இருப்பதையும் பட்டாளத்து அலுப்பு என்று அத்தையே சொல்லிக்கொண்டார். "நல்லா எண்ணெ தேச்சி வெந்நீர் ஊத்தினா சரியாப் பூடும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று நான் சொன்னதும், வேண்டாம் என்று அவர் சொன்னதும் எடுபடவில்லை. "ஏன், அம்மா கை படக்கூடாதா?" என்றார். அதற்குமேல் அவர் மறுக்கவில்லை.

தலை தேய்த்தார். தோள், முதுகு தேய்த்தார். பிறகு காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைக்குத் தேய்ப்பதுபோலக் கட்டைவிரலால் முழங்காலிலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வந்தார்.

அவர் விரல் போன வழியில் ஒரு வாய்க்கால் விழுந்தது.

அத்தை கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். வாய்க்கால் மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்தது. பக்கத்தில் ஓர் இடத்தில் அமுக்கினார். குழி விழுந்தது. அடுத்த காலில் அமுக்கினார். எண்ணெய் அந்தக் குழியில் போய்த் தேங்கியது. இவர் தாயின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை காலை மடியிலிருந்து இறக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி தேய்த்தார், இந்தத் தரம் விரலை அழுத்தாமல், உள்ளங்கையால். வெந்நீர் ஊற்றினார். துடைத்துவிட்டார். வேட்டி கட்டிவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு நான் இருந்த சமையற்கட்டுக்கு வந்தார்.

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எப்போலேருந்து?"

"வந்த அன்னிலேருந்து."

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றார். "எங்கிட்ட அவன் சொல்லல பாத்தியா."

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க அத்தை. அதான்."

"ஆமா" என்றார். "இருந்தேன்."

அன்று சோற்றில் தனக்கும் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் உப்பில்லாச் சாப்பாடு.

ஆடி மாதம்

நாட்டு வைத்தியரும் வந்து பார்த்தார். நெருஞ்சிக் கஷாயம் கொடுத்தார். பத்தியம் சொல்லும்போது கொத்தரங்காய் கூடவே கூடாது, மருந்தை முறித்துவிடும் என்றார். அத்தை தலையாட்டினார். இவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

காதர் அண்ணன் தினமும் வருவார். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டுப் போவார். "அங்க செத்திருந்தா மணலுல போட்டிருப்பாங்க. இது தேவலடா" என்று ஒரு நாள் இவர் சொன்னார். காதர் அண்ணன் விசிறியை நிறுத்தவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

வீக்கம் வயிற்றுக்கு ஏறியது, முகத்துக்கு ஏறியது. கண்ணைத் திறக்க முடியாமல் போனது. ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "அண்டாவ நிமித்தி வச்சி, கரி போவத் தேச்சி வை. சண்டை முடியப் போவுதாம். டப்பா வரும்" என்றார். நான் பட்டறைக்குப் போய்ப் பூனையை விரட்டிவிட்டு அண்டாவை நிமிர்த்தினேன். சாம்பலும் புளியும் போட்டு அடிவரை தேய்த்தேன். செம்பு நிறம் வந்தது. அவரிடம் சொல்ல உள்ளே வந்தேன். அத்தை அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, பேசாதே என்று கையைக் காட்டினார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மற்றவற்றை எழுதப் போவதில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது. எனக்கு நடந்த சடங்குகளைப் பற்றி எனக்கு எழுத விருப்பமில்லை.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். மத்தியானம் வாசலில் பாடை கட்டினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தூக்க வந்தவர்களில் சடகோபனும் ஒருவர். முன்பக்கம் அவர் தோள். காதர் அண்ணன் சற்றுத் தள்ளித் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். தூக்கினார்கள். ஒரு பக்கம் தாழ்ந்தது. இறக்கி, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தூக்கினார்கள். மூங்கில் கிறீச்சிட்டது.

அத்தை தெருமுனைவரை கூடவே போனார். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. நான் அத்தையின் கையைப் பிடித்திருந்தேன். அங்கே தோள் மாற்ற ஒரு கணம் நின்றார்கள். அத்தை சடகோபனிடம் போனார்.

"கனமா இருக்கானாப்பா?"

சடகோபன் மூங்கிலைச் சரியாகப் பிடித்துக்கொண்டு அத்தையைப் பார்த்தார். மழைத் தண்ணீர் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றார். "நல்ல கனம்."

அத்தை தலையை ஆட்டினார். "மெதுவா எடுத்துக்கினு போங்கப்பா" என்று சொல்லிவிட்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.